தேத்தண்ணி அழகுமுத்து, ஐந்தாம் லயம்

வெள்ளைக்கல் தோட்டம்,
பொகவந்தலாவை.
2025 பெப்ரவரி 2

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் குறைவில்லை. என் வலது முழங்கால் மட்டும் மழைக்கு முந்திய நாளே நொந்து அறிவிக்கிறது. ரேடியோவில் வேலைக்கு எழுதிப் போடுங்க என்கிறாள் உன் அம்மா யோகேஸ்வரி.

போன் இருக்கும்போது இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனில் வந்தால் உன் அம்மா அதை லவுட்ஸ்பீக்கரில் போட்டு லயத்து வாசலில் வைக்கிறாள். பத்து வீட்டு ஆட்களும் உன்னிடம் பேசி முடித்து என் கைக்கு வரும்போது "சாப்பிட்டியா" என்ற ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என்னிடம் அதற்கு மேலும் நாலு வார்த்தை உண்டு.

உன் போன கடிதம் வந்து சேர்ந்த கதையைக் கேள். லயத்து வீட்டுக்கு நம்பரும் இல்லை, தெருவும் இல்லை. எல்லாத் தபாலும் தோட்ட ஒபீசுக்குத்தானே வரும். நீ மரியாதையாகத் "திரு. அழகுமுத்து" என்று எழுதிவிட்டாய். இந்தத் தோட்டத்தில் அழகுமுத்து மூன்று பேர். கடிதம் பூசாரி அழகுமுத்துவிடம் போய், அவர் கண்ணாடி தேடி வாசித்து, "எனக்கு மகளே இல்லையே, யார் இந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அவர் சம்சாரமும் அதையேதான் கேட்டிருக்கிறது. அங்கே இன்னும் சமாதானம் ஆகவில்லை.

ஆகையால் இனி "தேத்தண்ணி அழகுமுத்து, ஐந்தாம் லயம்" என்றே எழுது. வெட்கப்படாதே. உனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கொழுந்து லொறியை ஓடையில் கவிழ்த்து, ஓடை முழுவதையும் தேத்தண்ணி ஆக்கியவன் நான். பச்சைக் கொழுந்தில் எங்கே தேத்தண்ணி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு ஓடைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்தவர்கள் சீனி மட்டும் போட்டால் போதும் என்று கடையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் பழைய கூட்டாளி அழகன் மாமா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் வெற்றிலை வாங்க எழுந்து போய்விடுவான். அவனுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு.

லொறியைக் கவிழ்த்தவன் மகள் ஆகாயவிமானம் திருத்துகிறாள் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை. அங்கே நீ என்னதான் செய்கிறாய்? விளங்குகிற மாதிரி எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா.

*

இரத்மலானை.
2025 பெப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவையும் உங்கள் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பூசாரி மாமாவின் வீட்டில் சமாதானம் ஆக என் சார்பில் ஒரு தேங்காய் உடைக்கவும்.

இங்கே பெரிய விமானங்கள் இல்லை அப்பா. நாலு பேர் உட்காருகிற சின்ன விமானங்கள்தான். சில முதலாளிமார் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஓட்டாத நாட்களில் பறக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். விமானங்களை நிறுத்தித் திருத்துகிற பெரிய கொட்டகையில்தான் எனக்கு வேலை. எங்கள் தலைமை மெக்கானிக் ரணவீர மாத்தயா. நல்ல மனிதர், கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இங்கே நாங்கள் மிகவும் பயப்படுவது ஹார்ட் லேண்டிங் என்பதற்கு. விமானம் பூப்போல வந்து உட்காராமல் தொப்பென்று விழுந்து குதிப்பது. பயப்படக் காரணம், அப்போது பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இறங்கி வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஆனால் சக்கரத்தின் காலுக்கு மேலே, உள்ளே எங்கேயோ, மயிரிழை அளவில் வெடித்திருக்கும். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ, மெதுவாக இறங்கினாலும் கால் மடிந்துவிடும். அதனால் யார் அப்படி இறக்கினாலும் விமானத்தின் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால் நாங்கள் கழற்றிப் பார்ப்போம். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்?

இன்னொரு விசயம். காலையில் விமானத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் ஒப்பம் வைக்க இந்த வாரம் எனக்கு அனுமதி கிடைத்தது. "ஜெ. அ." என்று வைத்தேன். உங்கள் எழுத்தும் அதில் இருக்கிறது அப்பா. எனக்குப் பேர் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பறக்கப் படிக்கிறவர்களில் வலப்பனைப் பையன் ஒருவன் இருக்கிறான். கிஷாந்த். அவன் வீட்டில் மரக்கறிக் கடை. எங்கள் பேச்சு பேச ஒரு ஆள் கிடைத்தது பெரிய ஆறுதல்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ஜெயந்தினி.

*

வெள்ளைக்கல் தோட்டம்.
2025 மார்ச் 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். எல்லோரும் நலம். மழை இல்லை, ஆகவே முழங்காலும் விடுமுறையில் இருக்கிறது.

ஹார்ட் லேண்டிங் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு டிக்கோயாவுக்கு பஸ்ஸில் போனேன். நோர்வூட் தாண்டும் முன் பதினாலு ஹார்ட் லேண்டிங் எண்ணினேன். டிரைவர் தம்பியிடம், "இதையெல்லாம் புத்தகத்துல எழுதுறியாப்பா?" என்றேன். "இறங்குற எடம் வந்துருச்சா ஐயா?" என்று கேட்டான்.

பேர் விழுந்தது சந்தோசம். ஆனால் ஒன்று கேட்கிறேன், முழுப் பேரா, அரைப் பேரா? உன் அம்மா கொழுந்து நிறை குறைந்த நாளில், காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தாலும் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தானே போடுவார்கள். வீட்டுக்கு வந்து அந்த முகத்தை என்னிடம் காட்டுவாள். உனக்கு அங்கே எப்போதும் முழுப் பேராக விழட்டும்.

உன் அம்மா கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.

"வலப்பனையில எந்தக் கடையாம்?"

"மரக்கறிக் கடையாம்."

"மரக்கறிக்கடையிலயா ஏரோப்ளேன் ஓட்டுறான்?"

"அவன் ஓட்டப் படிக்கிறான்டி. கடையில அவன் அப்பா இருக்காரு."

"நான் ஒண்ணும் கேக்கலப்பா. எந்தக் கடைன்னுதான் கேட்டேன்."

நானும் ஒன்றும் கேட்கவில்லை மகளே. சுகமாயிரு.

இப்படிக்கு,
தேத்தண்ணி அப்பா.

*

இரத்மலானை.
2025 ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே.

இங்கே வேலை கூட. அதுதான் எழுதப் பிந்தியது. வெயில் கடுமையாக இருக்கிறது. மழை வரும் என்கிறார்கள், வரவில்லை. இரண்டு நாள் காற்று பலம்.

புதுவருடத்துக்கு வர லீவு கிடைக்காது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்பா, லொறி கவிழ்ந்த பிறகு உங்களை விசாரித்தார்களா? என்ன கேட்டார்கள்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஜெயந்தினி.

*

வெள்ளைக்கல் தோட்டம்.
2025 ஏப்ரல் 14

அன்பு மகளுக்குப் புதுவருட வாழ்த்தும் ஆசியும்.

எல்லோரும் நலம். உன் அம்மா கைவிசேடக் காசை ஒரு கவரில் போட்டு உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். அழகன் மாமா வழக்கம்போல வருடப்பிறப்புக்கு ஒரு சேவலோடு வந்தான். இருபத்திரண்டு வருடமாகக் கொண்டுவருகிறான். வேண்டாம் என்றால் வாசலில் கட்டிவிட்டுப் போய்விடுவான்.

கேட்டதற்குப் பதில்: ஆமாம், விசாரித்தார்கள். தோட்டத்துத் தொரை கேட்டார், நான் சொன்னேன், ஓடையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், அது நிற்காமல் ஓடிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன். உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று வரி. அதில் மூன்று வரி வெயிலும் மழையும் காற்றும். நம் வீட்டில் முழங்கால் உள்ளவன் நான் இருக்கும்போது வானிலை சொல்ல நீ எதற்கு? வலப்பனைக்காரப் பையனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவனோடு சண்டையா? அப்படியானால் நல்லது, உன் அம்மா கடை தேடுவதை நிறுத்துவாள். வேறு ஏதாவது என்றால் எழுது. நான் யாருக்கும் லவுட்ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

அன்பு அப்பா.

*

இரத்மலானை.
2025 ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 18ஆம் திகதி, ஒரு முதலாளி தன் சொந்த விமானத்தில் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு வந்தார். இறக்கும்போது தவளை மாதிரி மூன்று தரம் குதித்தது. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். சிரித்துக்கொண்டே இறங்கி, விமானத்தின் மூக்கைக் குதிரையைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போனார். புத்தகத்தில் எழுதவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தின் காலுக்கு மேலே தகட்டில் ஒரு சுருக்கம். துணி கசங்கிய மாதிரி, விரல் நீளத்துக்கு. ரணவீர மாத்தயாவிடம் சொன்னேன். அன்று அவருக்கு மூன்று விமானம் கையில். "நாளைக்குப் பார்ப்போம் நங்கி" என்று சிங்களத்தில் சொன்னார், தங்கச்சி என்பது போல. அடுத்த நாள் காலையில் அந்த விமானத்தைக் கிஷாந்துக்குக் கொடுத்தார்கள். "மாத்தயா, அந்தச் சுருக்கம்?" என்றேன். "மத்தியானம் பார்க்கிறேன், ஒரு சுற்றுத்தானே" என்றார். நான் புத்தகத்தில் ஒப்பம் வைத்தேன். ஜெ. அ.

அப்பா, கிஷாந்த் மிக மெதுவாகத்தான் இறக்கினான். என் கண்ணால் பார்த்தேன். சக்கரம் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு முன்கால் மடிந்து, விமானம் மூக்கால் தரையை உழுதுகொண்டு போனது. அவன் தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

எல்லோரும் படிக்கிற பையன், பலமாக இறக்கிவிட்டான் என்கிறார்கள். அவனே அப்படித்தான் நம்புகிறான். ஆஸ்பத்திரியில், "நான் எங்க பிழை விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல ஜெயந்தினி" என்றான். விசாரணையில் அப்படியே முடிவானால் அவன் இனிப் பறக்க முடியாது. நான் பார்த்ததைச் சொன்னால் எனக்கு இந்த வேலை இருக்காது. ரணவீர மாத்தயாவும் அகப்படுவார். மே 15ஆம் திகதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் என்ன செய்ய அப்பா? அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

ஜெயந்தினி.

*

வெள்ளைக்கல் தோட்டம்.
2025 மே 3

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம்.

நீ பேசாமல் இரு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பெரிய மெக்கானிக் பார்க்கிறேன் என்றார், நீ சின்னவள், ஒப்பம் வைத்தாய். அதில் உன் பிழை என்ன? அந்தப் பையனுக்கு அப்பா இருக்கிறார், கடை இருக்கிறது. எலும்பு கூடிவிடும். நம் லயத்திலிருந்து கொழுந்துக்கூடை தூக்காமல் வெளியே போன முதல் ஆள் நீ. உன்னைத் திரும்பவும் இங்கே வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் காலை ஆறரைக்கு நிற்கவைத்துப் பார்க்க என்னால் முடியாது.

வாயை மூடிக்கொண்டு இரு மகளே. எல்லாம் ஆறிவிடும்.

அப்பா.

*

வெள்ளைக்கல் தோட்டம்.
2025 மே 10

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

நலமா மகளே? இங்கே நான் நலம் இல்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. போன வாரம் உனக்கு எழுதியதுதான் உடம்பில் சேரவில்லை. பெக்டரியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே திரும்பக் கலைத்து அடுக்கியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவன், "தேத்தண்ணி அண்ணே, விறகு சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நேற்று தனியாகப் பேசக் கோயில் பாறை மேல் ஏறி உனக்குப் போன் எடுத்தேன் அல்லவா? அப்போதே சொல்லிவிட நினைத்தேன். நீ "அப்பா" என்றாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். லவுட்ஸ்பீக்கரும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. அப்படியிருந்தும் அது ஒன்றுதான் வந்தது.

லொறிக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. அன்று காலையில் பிரேக் மெத்தென்று போனது. கராஜில் மெக்கானிக்காக இருந்தவன் அழகன். "பிரேக் சரியில்ல மச்சான்" என்றேன். "இன்னைக்குக் கொழுந்து கூட. நாளைக்குப் பார்ப்போம் மச்சான்" என்றான். புத்தகத்தில் அவன் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. தெரிந்தே ஓட்டினேன். அது என் பிழை, அதை யார் தலையிலும் போடவில்லை.

ஓடை வளைவில் மிதித்தால் பெடல் அப்படியே பலகையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மறுபக்கம் ஓடை. யோசிக்கவெல்லாம் நேரம் இல்லை, கை தானாக ஓடைப் பக்கம் திருப்பியது. முழங்கால் போனது அப்போதுதான்.

விசாரணையில் தொரை அழகனைக் கேட்டார். "பிரேக் எப்படி?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றான். அப்போது அவன் வீட்டில் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு வார்த்தை வரும், இப்போது வரும் என்று நின்றேன். வரவில்லை. "அப்ப நீ தூங்கிட்டியா?" என்று தொரை என்னைக் கேட்டார். "ஆமாங்க ஐயா, தூங்கிட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லொறியை எடுத்துவிட்டு என்னைப் பெக்டரி விறகுக்கு மாற்றினார்கள். அன்று பிடித்தது இந்தச் சிரிப்பு. மற்றவன் பட்டம் வைக்கும் முன் நானே வைத்துக்கொண்டால் வலி குறைவு என்று கண்டுபிடித்தேன். எட்டாம் வகுப்புக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

அழகன் கெட்டவன் இல்லை மகளே. சேவல் கொண்டுவருகிறானே. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சேவலோடு அவன் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் அவன் வாயைத்தான் பார்க்கிறேன். இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வலப்பனைப் பையன் இப்போது யார் வாயைப் பார்ப்பது என்றுகூடத் தெரியாமல் கட்டிலில் கிடக்கிறான்.

போன கடிதத்தில் நான் எழுதியது என் பயம். அதை அப்பா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. வேலை போனால் வீட்டுக்கு வா. பெரட்டுக்கு நான் உன்னோடு நடந்து வருகிறேன், நொண்டிக்கொண்டே.

அப்பா.

*

இரத்மலானை.
2025 மே 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சுகமா? உண்மையான சுகமா?

வெசாக் லீவில் தபால் நின்றுவிட்டது. உங்கள் 10ஆம் திகதிக் கடிதம் என் கைக்கு வந்தது 19ஆம் திகதி. விசாரணை 15ஆம் திகதி முடிந்துவிட்டது. அன்று என் கையில் இருந்தது உங்கள் முந்திய கடிதம்தான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "காலையில் பார்த்தாயா?" "பார்த்தேன்." "ஒப்பம் உன்னுடையதா?" "ஆமாம்." "கிஷாந்த் இறக்கியதைப் பார்த்தாயா?" "தூரத்திலிருந்து பார்த்தேன்." எல்லாம் உண்மை அப்பா, ஒன்றும் பொய் இல்லை. வெளியே வந்தபோது அம்மா அரைப் பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வருவாளே, அந்த முகம் எனக்கு இருந்தது.

19ஆம் திகதி உங்கள் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால், அந்த உடைந்த விமானத்தை மூடி வைத்திருக்கிற தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அடுத்த நாளே போய், இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். சுருக்கம், அதன் நீளம், நான் சொன்னது, மாத்தயா சொன்னது, தெரிந்துகொண்டே நான் ஒப்பம் வைத்தது, எல்லாம். எழுதிக்கொண்டிருந்தவர் இரண்டு தரம் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது உனக்கே பாதகம், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

முடிவு தெரியும் வரை கொட்டகைக்குள் வரக்கூடாது என்றிருக்கிறார்கள். ஹொஸ்டலில் இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறேன்.

அப்பா, உங்களுக்குக் கோபம் வரவே இல்லையா?

உங்கள் மகள்,
ஜெயந்தினி.

*

வெள்ளைக்கல் தோட்டம்.
2025 ஜூன் 5

அன்பு மகளுக்கு,

நலம். உண்மையான நலம்தான்.

உன் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, லொறிக் கதையையும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள், நீ சொல்ல வேண்டாம் என்றாய். முழுதும் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். பிறகு வந்தது இடி.

"இருபத்திரெண்டு வருசமா நீங்க தூங்குனீங்கன்னுதானே நான் நம்பிக்கிட்டு இருக்கேன்! எங்க வீட்டு மனுசன் நின்னுக்கிட்டே தூங்குவாருன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!"

"சொன்னதுல தப்பில்ல யோகு. கோயில்ல தூங்கியிருக்கேன்."

"பேசாதீங்க. காலை நீட்டுங்க."

எண்ணெய் காய்ச்சி முழங்காலுக்கு அவளே தேய்த்தாள். கோபத்தில் தேய்த்ததால் நல்லாய்ப் பிடித்தது.

கோபம் வந்ததா என்று கேட்டாய். வந்தது. அதைச் சிரிப்பாக மாற்றி மாற்றிச் செலவழித்துவிட்டேன். இப்போது தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. அழகனிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கேட்டு வாங்கினால் அது சொன்னதாகாது. நீயும் விட்டுவிடு.

தைரியமாக இரு. நீ எப்போது வந்தாலும் கட்டில் உனக்குத்தான். பலகையில் படுக்க எனக்குப் பழக்கம் உண்டு.

அன்பு அப்பா.

*

இரத்மலானை.
2025 ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவின் எண்ணெய் இன்னும் வேலை செய்கிறதா?

முடிவு வந்துவிட்டது. முன்கால் முதல் நாளே வெடித்திருந்தது என்று கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் வாக்குமூலம் வந்த பிறகுதான் அந்த இடத்தைக் கழற்றினார்களாம். கிஷாந்த் மேல் பிழை இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். தோள் ஆறியதும் அவன் திரும்பப் பறக்கலாம். அந்த முதலாளியின் அனுமதிப் பத்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு ஒப்பம் வைக்க முடியாது. தரை கூட்டுவதிலிருந்து திரும்ப ஆரம்பம். ரணவீர மாத்தயாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று என்னிடம் வந்தார். தொப்பியை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "நீ சொன்ன அடுத்த நாள் நானும் போய்ச் சொல்லிவிட்டேன் நங்கி" என்றார்.

கிஷாந்த் நேற்று கட்டோடு வந்திருந்தான். அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன், நான் தெரிந்தே ஒப்பம் வைத்தேன் என்று. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்றுத்தான் பேசினான். "அப்ப நான் நல்லாத்தான் எறக்கியிருக்கேன், என்ன?" என்றான். "பூ மாதிரி" என்றேன். ஒரு பை லீக்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அப்பா அனுப்பியதாம். அம்மாவிடம் கடையின் பெயரை அடுத்த முறை கேட்டுச் சொல்கிறேன்.

கவரில் மேல்விலாசம் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். பிந்தி வந்தால் கோபிக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
ஜெ. அ.

*

வெள்ளைக்கல் தோட்டம்,
ஐந்தாம் லயம்.
2025 ஓகஸ்ட் 9

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

இங்கே யாவரும் சுகம். நீயும் அந்தத் தோள்பட்டையும் சுகம் என்று நினைக்கிறேன்.

நீ செய்த வேலையைக் கேள். "டிரைவர் அழகுமுத்து" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டாய். ஒபீசில் கிளாக்கர் ஐயா பெரட்டில் வைத்துக் கேட்டிருக்கிறார். "இப்ப லொறி ஓட்டுறது தனுஷன்தானே, டிரைவர் அழகுமுத்துன்னு யாரு?" ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் அங்கே இல்லை. கடிதத்தை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்துவிட்டார்கள். பத்து நாள் அங்கேயே இருந்திருக்கிறது. திருப்பி அனுப்ப எடுத்து வைத்த அன்று, ஏதோ படிவத்தில் ஒப்பம் வைக்க அழகன் போயிருக்கிறான். கவரை வாங்கி இரண்டு தரம் வாசித்தானாம். பிறகு, "ஆளை எனக்குத் தெரியும் ஐயா, நான் குடுக்குறேன்" என்றானாம்.

நேற்று மத்தியானம் நல்ல மழை. நான் வாசலில் குடை ஒன்றுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். அவன் கவரைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு நனைந்து வந்தான். சேவல் இல்லை. வருடப்பிறப்பும் இல்லை.

"இந்தாங்க டிரைவர்" என்றான்.

"என்ன மச்சான், புதுசா மரியாதை?"

"கவர்ல அப்படித்தான் எழுதியிருக்கு."

வாங்கிக்கொண்டேன். அவன் போகவில்லை. கூரைத் தண்ணீர் அவன் முதுகில் விழுகிறது, நகரவும் இல்லை. நான் அவன் வாயைப் பார்த்தேன். பழக்கதோசம்.

"பிரேக் சரியில்லன்னு நீ சொன்ன. நான் எழுதல முத்து."

"தெரியும்."

"தொரைக்கிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

"பக்கத்துலதானே நின்னேன்."

"ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கலாம்ல? ஏன்டான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அவன் அழத்தொடங்கிவிட்டான் மகளே. அறுபது வயதுக்காரன்.

எனக்கு இந்த மாதிரி நேரத்தில் வாயில் எப்போதும் ஒரு பகிடி வரும். நேற்றுத் தேடினேன், ஒன்றுகூட வரவில்லை. உள்ளே வா, நனையாதே என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். அவனை ஏசப்போகிறாள் என்று பயந்தேன். துவாய் ஒன்றும் தேத்தண்ணி ஒன்றும் கொண்டுவந்து வைத்து, "குடிங்கண்ணே, பீலித் தண்ணிதான். கொழுந்து நான்தான் போட்டேன்" என்றாள். பகிடி அவள் பக்கம் போய்விட்டது. மூன்று பேரும் சிரித்தோம். அழகன் அந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல்தடவை.

இன்று காலை கடையில் எல்லோர் முன்னாலும் அவன் சொல்லிவிட்டான். நான் போகவில்லை, பூசாரி அழகுமுத்து வந்து சொன்னார். பெக்டரியிலிருந்து வருகிற வழியில் இரண்டு பேர் என்னை டிரைவர் என்று கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

இனிமேல் நீ பழைய விலாசத்தையே எழுது மகளே. தேத்தண்ணி என்றால் மூன்றாம் நாள் கடிதம் வந்துவிடும், டிரைவருக்குப் பத்து நாள் ஆகிறது. உன் கடிதத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க என்னால் முடியாது. இந்த ஒரு கவர் எனக்குப் போதும். கிழியாமல் பிரித்து, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

தரையைச் சுத்தமாகக் கூட்டு. சாப்பிட்டியா?

இப்படிக்கு உன் அன்பு அப்பா,
டிரைவர் அழகுமுத்து.